கட்டணமும் செலவும்: கடக்வாஸ்லாவிலிருந்து ஒரு கல்வி வரலாற்று நோக்கு

முன்னுரை

பள்ளிக்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிகள் தோன்றிய ஆண்டுகளையும் கட்டணம் நீக்கிய ஆணைகளையும் வரிசைப்படுத்துவது வழக்கம். ஆயின் கட்டணம் வேறு, செலவு வேறு. பள்ளி கேட்டுப் பெறும் தொகை கட்டணம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதால் வீடு தாங்க வேண்டிய சுமை செலவு. நூல், உடை, நண்பகல் உணவு, வழிப்பயணம், பிள்ளையின் உழைப்பால் வந்திருக்கக்கூடிய வருவாயின் இழப்பு ஆகியன செலவின்பாற்படும். கட்டணத்தை அரசு ஓர் ஆணையால் நீக்கிவிடலாம். செலவு அவ்வாறு நீங்குவதில்லை. இவ்வேறுபாடு பம்பாய், சென்னை மாகாணங்களில் எவ்வாறு உணரப்பட்டது, உயர்நிலைப் பள்ளி நிலையில் அது இன்னும் தீராத சிக்கலாக நிற்பது ஏன் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அணைக்குக் கல் தந்தவரின் சாட்சியம்

புணே நகருக்குத் தென்மேற்கே முத்தா ஆற்றின் கரையில் அமைந்த ஊர் கடக்வாஸ்லா. இங்குள்ள கல்லணையின் பணி 1869இல் தொடங்கி 1879 வரை நடைபெற்றது. இவ்வணைப் பணிக்குக் கட்டுமானப் பொருள்கள் வழங்கிய ஒப்பந்தக்காரர்களுள் ஜோதிராவ் புலேயும் ஒருவர் என்பர் அவர்தம் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள். 1848இல் புணேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய அவர், அணைப் பணிக்கு வந்த உழைப்பாளர் குடும்பங்களின் நிலையையும் நெருங்கி அறிந்தவராயிருந்தார்.

1882ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் ஹண்டர் கல்விக் குழுவிற்கு அவர் அளித்த வாக்குமூலம் இவ்வகையில் சிறப்பாக நோக்கத்தக்கது. குறைந்தது 12 வயது வரையேனும் தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கை. அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் உழைப்பால் வருவது. அவ்வருவாயோ உயர்வகுப்பாரின் உயர்கல்விக்கே மிகுதியும் செலவாகிறது என அவர் சுட்டினார். உழவர் பிள்ளைகள் பள்ளியில் நிலைக்காமைக்கு அவர் கூறிய காரணம் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. கடும் வறுமையாலும், ஆடுமாடு மேய்க்கவும் வயலைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் தேவைப்படுவதாலும் உழவர்கள் பள்ளியை விட்டு விலகி நிற்கின்றனர் என்றார் அவர். ஆகவே உதவித்தொகையும் பரிசும் தந்து அவர்களை ஈர்க்க வேண்டும் என்றும் வேண்டினார். வீட்டுக்கு நேரும் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கருத்து இதில் தெளிவாகவே உள்ளது.

சென்னை மாகாணத்தில் இதற்கு அறுபது ஆண்டுகள் முன்னரே ஒத்த குரல் ஒன்று ஒலித்துள்ளது. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்பிற்கு விடையாகப் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்ப்பெல் 1823இல் அறிக்கை அனுப்பினார். பிள்ளைகளின் கல்விச் செலவைத் தாங்க நடுத்தர, அடித்தட்டு மக்களால் இயலவில்லை; சிறு வேலைக்கேனும் உடல் ஈடுகொடுக்கும் வயது வந்தவுடன் பிள்ளைகளின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுகிறது என அவர் எழுதினார். ஆட்சியாளர் ஒருவரும் சீர்திருத்தவாதி ஒருவரும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மாகாணத்தில் ஒரே முடிவுக்கு வந்தமை எண்ணத்தக்கது.

கட்டணத்தை எதிர்த்த குரல்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவாதம் கட்டணத்தை நோக்கித் திரும்பியது. புணே பெர்குசன் கல்லூரியில் பணியாற்றிய கோபால கிருஷ்ண கோகலே, 1911 மார்ச்சில் பேரரசுச் சட்டமன்றத்தில் தொடக்கக்கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். திங்கள் வருமானம் 10 ரூபாய்க்கு மேற்படாத பெற்றோரிடம் கட்டணம் பெறலாகாது என்பது அதன் கூறுகளுள் ஒன்று. 1912இல் 13க்கு 38 என்ற வாக்குகளில் அது தோற்றது.

உயர்நிலைப் பள்ளியின் கட்டணச் சிக்கலைப் புள்ளிவிவரத்தோடு எடுத்துரைத்தவர் அம்பேத்கர். 1927 மார்ச் 12ஆம் நாள் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேசியபோது, கலைக் கல்லூரிகளின் செலவில் 36 விழுக்காடும் உயர்நிலைப் பள்ளிகளின் செலவில் 31 விழுக்காடும் நடுநிலைப் பள்ளிகளின் செலவில் 26 விழுக்காடும் மாணவர் கட்டணத்திலிருந்தே பெறப்படுவதைச் சுட்டி, இது கல்வியை வணிகமாக்குவது என்று கண்டித்தார். அடித்தட்டு மக்கள் உயர்நிலைப் பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் காலத்தில் அக்கல்வி இயன்றவரை மலிவாக இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம்.

விடுதலைக்குப்பின் இக்குரல்களுக்குப் பயன் கிட்டியது. யஷ்வந்த்ராவ் சவாண் முதல்வராக இருந்தபோது, 1959இல் பொருளாதார நிலையில் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை அளிக்கப்பட்டது. சென்னை மாநிலத்தில் காமராசர் ஆட்சியில் தொடங்கிய கட்டணமில்லாக் கல்வி, 1960களில் பள்ளியிறுதி வகுப்பு வரை படிப்படியாக விரிந்தது.

செலவை ஏற்ற முயற்சிகள்

செலவின் பக்கம் முதலில் கைவைத்த உள்ளாட்சிகளுள் சென்னை மாநகராட்சி குறிப்பிடத்தக்கது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் நண்பகல் உணவு வழங்க முடிவு செய்யப்பட்டது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது நீட்டிக்கப்பட்டது. இத்திட்டம் நடைபெற்ற பள்ளிகளில் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1671ஆக உயர்ந்தது. எனினும் தொடக்கக்கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் கூடாது என 1925இல் அரசு தடுத்தது. உணவு கல்விச் செலவாகுமா என்னும் கேள்விக்கு அன்றைய ஆட்சி 'ஆகாது' என்றே விடை கூறியது. இவ்விடையை மாற்றியதே 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் வரலாற்றுச் சிறப்பு எனலாம். 1982 சூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்து, 1984இல் 15 வயது வரையிலான மாணவரையும் உள்ளடக்கியது.

மராட்டியப் பகுதியில் வேறொரு வழி காணப்பட்டது. 1919இல் ரயத் சிட்சண சன்ஸ்தாவை நிறுவிய கர்மவீரர் பாவ்ராவ் பாட்டீல், பல சாதி மாணவரும் ஒன்றாகத் தங்கி உண்டு, உழைத்துக் கற்கும் விடுதிகளைச் சாத்தாராவில் வளர்த்தார். பிள்ளையின் உழைப்பை வீடு இழக்கும் நிலையில், அவ்வுழைப்பே அவன் கல்விக்கு விலையாக மாற்றப்பட்டது. 1992இல் மகாராட்டிர அரசு, பின்தங்கிய ஏழைக் குடும்பங்களின் சிறுமியர்க்குத் தொடக்க வகுப்புகளில் வருகை நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வழங்கத் தொடங்கியது. தொகை சிறிதே, ஆயினும் புலே வேண்டிய ஈடு, நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப்பின் ஆணையாக வந்ததை இதில் காணலாம்.

சட்டத்தின் எல்லையும் ஒன்பதாம் வகுப்பும்

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் கட்டணத்தை மட்டும் கூறி நிற்கவில்லை. தொடக்கக்கல்வியை முடிக்கவிடாமல் தடுக்கக்கூடிய எந்தச் செலவையும் பிள்ளை ஏற்க வேண்டியதில்லை என்றும் அதன் மூன்றாம் பிரிவு கூறுகிறது. கேம்ப்பெலும் புலேயும் கண்ட உண்மை இங்குச் சட்டமொழியில் இடம்பெறுகிறது. ஆனால் இச்சட்டம் 6 முதல் 14 வயது வரையினர்க்கே உரியது. மகாராட்டிரத்தில் பள்ளி நண்பகல் உணவும் விலையில்லாப் பாடநூலும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. பிள்ளையின் உழைப்புக்குச் சந்தையில் கூலி கிடைக்கத் தொடங்கும் வயதும் அதுவே. உதவி குறையும் இடமும் இழப்பு மிகும் இடமும் ஒன்றாக அமைவதால், ஒன்பதாம் வகுப்பு ஏழைக் குடும்பத்திற்குக் கடினமான படியாகிறது. தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரையும் பாடநூல் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் நீள்கின்றன. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய மிதிவண்டித் திட்டம் 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் பிறருக்கும் விரிந்தது. வழிப்பயணமும் கல்விச் செலவே என அரசு ஏற்றமைக்கு இது சான்று.

கடக்வாஸ்லாவிலுள்ள நடுவண் அரசு நிறுவனங்களில் பணிபுரிய நாட்டின் பல பகுதியினரும் வந்து குடியேறியுள்ளனர். இடமாற்றத்திற்கு உட்பட்ட இத்தகைய ஊழியரின் பிள்ளைகளுக்காக 1960களில் தொடங்கப்பட்டவை கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள். 2010களில் நடைமுறையில் இருந்த அவற்றின் கட்டண விகிதம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 9, 10ஆம் வகுப்பு மாணவனுக்குக் கற்பிப்புக் கட்டணம் திங்களுக்கு 200 ரூபாய். வித்யாலய வளர்ச்சி நிதி 500 ரூபாய். மாணவியர்க்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. வளர்ச்சி நிதி பொதுவாக உண்டு. 'கட்டணம்' என்னும் பெயரில் உள்ள தொகை சிறிதாகவும், வேறு பெயரில் உள்ளது பெரிதாகவும் இருப்பதால், கட்டண விலக்கு மட்டும் சுமையின் அளவைக் காட்டாது என்பது புலனாகிறது.

இவ்வூரில் 1955இல் திறந்துவைக்கப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயிற்சி பெறுவோரின் உறைவிடம், உணவு, உடை, நூல் ஆகியவற்றின் செலவை அரசே ஏற்கிறது. கைச்செலவு மட்டுமே பெற்றோர்க்குரியது. வருமானம் குறைந்தோர்க்கு அதற்கும் உதவி உண்டு. கல்வியின் முழுச் செலவையும் அரசு ஏற்றல் இயலாததன்று என்பதற்கு இது நேர்ச்சான்று. ஆனால் அக்கழகத்தின் வாயிலை அடையப் பன்னிரண்டாம் வகுப்புக் கல்வி வேண்டும். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளின் செலவை வீடு தாங்கினாலன்றி, இச்சலுகை ஏழை மாணவனைச் சென்றடையாது.

முடிவுரை

பெல்லாரி அறிக்கையிலிருந்து கல்வி உரிமைச் சட்டம் வரை நோக்குகையில், கல்வியின் விலை என்பதன் பொருள் படிப்படியாக விரிந்துள்ளமை தெளிவாகிறது. முதலில் கட்டணம், பின்னர் உணவு, அதன்பின் நூல், உடை, பயணம், வருகைக்கான ஈடு என ஒவ்வொன்றாக அரசின் பொறுப்பில் சேர்ந்தன. தொடக்கக்கல்விக்குச் சட்டம் ஏற்றுக்கொண்ட இவ்விரிந்த பொருள், உயர்நிலைக் கல்விக்கு நாடு முழுவதற்குமான சட்ட உரிமையாக இன்னும் அமையவில்லை. எனவே உயர்நிலைப் பள்ளிகளின் வரலாற்றை ஆராய்வோர் கட்டண ஆணைகளோடு அமையாது, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் குடும்பத்தின் வரவுசெலவையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். 1882இல் புலே தம் வாக்குமூலத்தில் மேற்கொண்ட முறையும் அதுவே.