அறுபது நாள் அதிகாரம்

அரசாங்கத்தின் அதிகாரம் எப்படிப்பட்டது என்பதை எங்கள் ஆலந்தலைக்காரர்கள் கடலில்தான் கண்டார்கள். மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு ஆகியவற்றோடு சேர்ந்து முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. சலாபம் என்னும் முத்துக்குளிப்பு எப்போது, சிப்பி விளையும் எந்தப் பாரில், எத்தனை நாள் என்பதையெல்லாம் அரசுதான் முடிவு செய்யும். முதலில் அதிகாரிகள் பாரில் ஆளை இறக்கி மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். சிப்பி முற்றவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. ஆண்டுக்கணக்கில் பாரைச் சும்மா போட்டு வைத்ததும் உண்டு. 1961-ல் நடந்த கடைசிச் சலாபத்தில் என் அப்பா மூச்சடக்கிக் குளித்தார். அதன்பின் சலாபமே நடக்கவில்லை. கடற்கரை மீன்பிடிப்பு அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே சிப்பியைக் காக்கக் காலவரையின்றித் துறையை மூட மாநில அரசால் முடிந்தது. மனிதரைக் கொல்லும் பூச்சிமருந்தை நிறுத்த அதே அரசுக்கு அறுபது நாள்தான் தரப்பட்டிருக்கிறது.

நான் கடலுக்குப் போகாமல் வேளாண் துறை வேலைக்குப் போனேன். ஏரல் பக்கத்து வாழைத் தோட்டம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனத்து நெல்வயல் என்று வருடங்கள் ஓடின. பூச்சிக்கொல்லி ஆய்வாளர் பொறுப்பும் கூடவே வந்தது. உரக்கடைகளில் உரிமம், இருப்புப் பதிவேடு, டப்பாவில் ஒட்டிய முக்கோண நிறம், காலாவதித் தேதி எல்லாம் பார்க்க வேண்டும். சந்தேகப்பட்ட மருந்தை மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலைக்காகத்தான் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தை வரிவரியாகப் படித்தேன். அதன் பிறப்பைத் தேடிப் போனால் கப்பல் தளத்தில் போய் நிற்கிறது.

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் சாப்பிட்டவர்கள் சாப்பிட்டபடியே சுருண்டு விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பாலிடால் என்று நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த பாரத்தியான், கோதுமை மாவோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தது. மருந்து கசிந்து மூட்டையில் ஊறி, அந்த மாவு கடைக்கும் வீட்டுக்கும் போய்விட்டது. சரக்குக் கிட்டங்கிக்குள் எது எதன்மேல் அடுக்கப்படுகிறது என்பது துறைமுக ஊர்க்காரனுக்குத் தெரியும். தூத்துக்குடியில் இறங்கிய சரக்காக அது இருந்திருந்தால் என்னும் நினைப்பு, அந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பிற்காலத்தில் இந்தியத் தலைமை நீதிபதியானவரும், நெருக்கடி நிலைக் கொடுமைகளை விசாரித்தவரும் அவரேதான். பிறகு திட்டக்குழு உறுப்பினர் எம்.எஸ். தாக்கர் தலைமையில் ஒரு வல்லுநர் குழு. அதுவரை இடைக்கால ஏற்பாடாக 1919-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தையே பயன்படுத்தச் சொன்னார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1968-ல் சட்டம் வந்தது. 1971-ல்தான் நடைமுறைக்கு வந்தது. உணவுப்பொருளோடு பூச்சிமருந்து உரசும்படி ஏற்றவோ வைக்கவோ கூடாது, தின்னும் பொருள் விற்கும் கட்டடத்தில் விற்கக் கூடாது என்று விதிகளில் இருப்பதெல்லாம் அந்த மாவு மூட்டைகள் தந்த பாடம். விதி இருந்தும் 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளி ஒன்றில், மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தன.

பயிர்ப்பூச்சியைப் பொறுத்தவரை நம் மாகாணம் யாருக்கும் பின்தங்கியதல்ல. 1919-லேயே சென்னை வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் வந்துவிட்டது. ஒரு பூச்சியை அறிவிக்கை செய்து, இன்ன தேதிக்குள் செடியைப் பிடுங்கி அழி என்று உத்தரவிடலாம். உழவர் செய்யாவிட்டால் அரசே ஆள் வைத்து அழித்துச் செலவை வசூலிக்கலாம். அரசமைப்பும் இதை ஒத்துக்கொண்டது. பூச்சியிலிருந்து பயிரைக் காப்பது உட்பட வேளாண்மை முழுவதும் மாநிலப் பட்டியல்; பொதுச் சுகாதாரமும் அப்படியே. ஆனால் நஞ்சு பொதுப் பட்டியலில், மருந்துகளோடு 19-ஆம் இனமாக இருக்கிறது. அந்த வழியாகத்தான் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. பூச்சி மாநிலத்திடம் நின்றது, பூச்சியைக் கொல்லும் மருந்து தில்லிக்குப் போனது.

சட்டத்தின்படி எந்த மருந்து நாட்டுக்குள் விற்கலாம் என்பதை மத்தியப் பதிவுக்குழு தீர்மானிக்கிறது. கடைக்காரருக்கு உரிமம் கொடுப்பதும் பறிப்பதும், ஆய்வாளரையும் ஆய்வகத்தையும் வைப்பதும் மாநிலத்தின் வேலை. விதிமீறல் கண்டால் என்னைப் போன்ற ஆய்வாளர் முப்பது நாள் வரை விற்பனையை நிறுத்தி வைக்கலாம். 27-ஆம் பிரிவுப்படி, மனிதருக்கோ கால்நடைக்கோ உடனடி ஆபத்து என்று கருதினால் மாநில அரசு ஒரு மருந்தை அறுபது நாள் தடுக்கலாம். விசாரணை முடியாவிட்டால் இன்னும் முப்பது நாள். அதோடு சரி. பதிவையே ரத்துசெய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்.

தொண்ணூறு நாள் என்பது உழவுக் கணக்கில் என்ன? எங்கள் பக்கத்துப் பிசானப் பருவ நெல்லே அதற்குள் அறுவடைக்கு வராது. வாழை குலை தள்ளி வெட்ட ஒரு வருடம் ஆகும். தண்டுக்கூன் வண்டுக்காக வாழைத் தண்டில் மோனோகுரோட்டோபாஸை ஊசியால் ஏற்றும் வழக்கம் பல காலம் இருந்தது. கையுறை போட்டு அதைச் செய்த கூலியாட்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மருந்து அடித்துவிட்டு வாய்க்காலில் கை கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் தாமிரபரணிக்குப் போய், புன்னைக்காயலில் எங்கள் கடலில் விழுகிறது.

மற்ற மாநிலங்களும் இந்தக் கெடுவில் முட்டியிருக்கின்றன. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்து ஊர் ஊராக நோயாளிகளைக் கண்ட கேரளம், 2001-ல் தடை போட்டுப் பார்த்தது; அது நிலைக்கவில்லை. 2005-ல் மத்திய அரசு கேரளத்துக்கு மட்டும் தடுத்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் நிறுத்தியது. 2017-ல் மகாராட்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களே இருபது பேருக்கு மேல் இறந்தபோதும் மாநிலத்தின் கையில் இருந்தது அறுபது நாள் தடைதான்.

தமிழ்நாட்டின் முறை 2022 முடிந்து 2023 பிறக்கும் சமயத்தில் வந்தது. தற்கொலைகளைக் குறைப்பதற்காக மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் ஆகிய நான்கும், சைபர்மெத்ரின் சேர்ந்த இரண்டு கலவைகளும் என ஆறு மருந்துகளை அரசு அறுபது நாள் தடுத்தது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையையும் தடுத்தது. அது நல்ல முடிவு, நெஞ்சாரச் சொல்கிறேன். அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். பழக்கமான உரக்கடைக்குப் போனேன். “என்ன அண்ணாச்சி, சரக்கை என்ன செய்தீங்க?” என்று கேட்டேன். “உள்ளே ஒதுக்கி வச்சிருக்கேன் சார். அறுபது நாள்தானே, போயிரும்” என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. சட்டம் சொன்னதைத்தான் அவர் செய்தார். கெடு முடிந்ததும் டப்பாக்கள் மறுபடி அலமாரிக்கு வந்தன. 36 சதவீத மோனோகுரோட்டோபாஸ் கரைசலை நாடு முழுவதும் நிறுத்துவதாக மத்திய அரசு அறிவித்தது 2023-ன் பிற்பகுதியில்தான், அதிலும் விற்றுத் தீர்க்க ஓராண்டு அவகாசம் கொடுத்து.

எங்கள் கரைக்கு எதிரே இருக்கும் இலங்கை இதை எப்போதோ செய்து முடித்தது. 1980-ல் தனிச் சட்டம் இயற்றிப் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் ஒருவரை அமர்த்தியது. 1984-ல் பாரத்தியான், 1995-ல் மோனோகுரோட்டோபாஸ், 1998-ல் எண்டோசல்பான் என்று வரிசையாக நிறுத்தியது. 1995-ல் லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை, பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. கொழும்பில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் ஆலந்தலையில் உண்டு. அந்தக் கரையில் முடிந்தது இந்தக் கரையில் ஏன் முடியவில்லை என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

27-ஆம் பிரிவின் கெடு நீள வேண்டும். மண்ணையும் நீரையும் மருத்துவமனையையும் கவனிக்கும் மாநிலத்துக்கு, தன் எல்லைக்குள் ஒரு மருந்தை நிலையாக நிறுத்தும் உரிமை வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்திய 26-ஆம் பிரிவுக்கு யாரையும் கேட்க வேண்டாம். பூச்சிமருந்தைப் பயன்படுத்தியோ கையாண்டோ நஞ்சேறியவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று மாநில அரசே அறிவிக்கை செய்யலாம். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் எந்த மருத்துவமனையிலிருந்தும் அப்படி ஓர் அறிக்கை என் மேசைக்கு வந்ததில்லை. எந்த மருந்து, எந்த ஊர், எத்தனை பேர் என்ற கணக்கு இல்லாமல் தில்லியிடம் எதைக் காட்டி வாதாடுவது? தமிழக அரசு அந்தக் கணக்கை ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கட்டாயமாக்க வேண்டும்.

வயலில் மருந்து அடித்தவர் மயங்கி விழுந்தால், அவரோடு அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.