மாத்தளை இறப்பரும் பற்றீரியாச் சுவரும்

1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் மாத்தளைக் கோப்பித் தோட்டங்களையும் அழித்தபின், அச்சரிவுகளில் கொக்கோவும், 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழிவந்த இறப்பரும் வேரூன்றின. விடியலில் பட்டையைச் சரிவாகச் சீவி, வடியும் பாலைச் சிரட்டையில் ஏந்தி, அமிலமிட்டு உறையவைத்து, உருளையில் தகடாக்கிப் புகைபோடுவது அத்தொழிலின் முறை.

அப்பாலின் சாரம், ஐந்து கரியணுக்கள் கொண்ட ஐசோபிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலியாகும். அதே அலகுகள் 11 மட்டும் சேர்ந்த பாக்டோபிரினோல் என்னும் கொழுப்புமூலக்கூறு, பொசுபேற்றுடன் இணைந்து, பற்றீரியாக் கலத்தினுள் தயாராகும் சுவர்க் கூறுகளைச் சுமந்து மென்சவ்வுக்கு வெளியே சேர்க்கிறது; இதன் அமைப்பை ஸ்ட்ரோமிஞ்சரும் அவருடைய கூட்டாளிகளும் 1967இல் வெளியிட்டனர். சுமையை இறக்கிய காவியிடம் இரு பொசுபேற்றுகள் எஞ்சும். அவற்றுள் ஒன்று கழன்றால்தான் அது மறுசுமைக்கு உதவும். காயங்களுக்குப் பூசும் பசிட்ராசின் மருந்து அந்நிலையிலேயே அதைப் பற்றிக்கொள்வதால் சுவர் வேலை நின்றுபோகிறது.

கோப்பியின் வீழ்ச்சியால் வந்த மரத்துக்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிருக்கும் உள்ள இவ்வுறவு வெறும் ஒப்புமையன்று: இறப்பர்ச் சங்கிலியை நீட்டும் நொதியமும் பாக்டோபிரினோலை ஆக்கும் நொதியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.