இருபத்தெட்டுப் பவுணும் ஒரு வாக்கெடுப்பும்

ஊரில் பதினொரு வருடங்கள் பொருளியல் வரலாறு கற்பித்தவன் நான். கைத்தொழிற் புரட்சி பற்றி ஆண்டுதோறும் ஆறு விரிவுரைகள் செய்திருக்கிறேன். ஆனால் லங்காஷயரின் பஞ்சாலை ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. இன்று லண்டனுக்கு வெளியே உணவு பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். சென்ற கோடையில் திருத்த வேலைக்காகத் தொழிற்சாலையை ஒரு வாரம் மூடியபோது, மஞ்செஸ்ரரில் வசிக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் போய், அங்கிருந்து இருவருமாக றொச்டேலுக்குச் சென்றோம்.

ஒரு காலத்தில் கம்பளியும் பருத்தியும் இந்நகரை வாழவைத்தன. இன்று பல ஆலைகள் இல்லை. எஞ்சியவற்றில் சில களஞ்சியங்களாகிவிட்டன. நாம் நடந்த தெருக்களில் ஹலால் இறைச்சிக் கடைகளும் பள்ளிவாசலும் இருந்தன. இவை எப்படி வந்தன என்பதை நான் வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், புதிய இயந்திரங்களில் போட்ட பணத்தை மீட்பதற்கு ஆலைகளை இரவிலும் ஓட்ட வேண்டியிருந்தது. அந்த இரவு வேலைக்கு உள்ளூரவர்கள் விரும்பி வரவில்லை. 1950களிலும் 60களிலும் பாக்கிஸ்தானிலிருந்து, குறிப்பாக மிர்ப்பூர்ப் பகுதியிலிருந்து வந்த ஆண்களே அதைச் செய்தார்கள். மங்களா அணை கட்டப்பட்டபோது அப்பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிலமிழந்தனர் என்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பிறகு ஆலைகள் மூடப்பட்டன. வேலை போனது, மனிதர்கள் தங்கிவிட்டார்கள்.

நான் தேடிப்போனது டோட் லேனில் உள்ள 31ஆம் இலக்கக் கடையை. இப்போது அது நூதனசாலை. 1844இல், பெரும்பாலும் நெசவாளரும் பிற கைவினைஞருமான 28 பேர், வாராவாரம் சில பென்னிகளாகச் சேர்த்த 28 பவுண் முதலுடன் கூட்டுறவுக் கடையொன்றைத் தொடங்கினார்கள். டிசெம்பர் 21ஆம் திகதி மாலை கடை திறந்தபோது மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா போன்ற சில பொருட்களே இருந்தன. கலப்படமும் கள்ள நிறுவையும் மலிந்திருந்த காலம் அது. சுத்தமான பொருள், சரியான நிறை, கடன் இல்லை, வாங்கியதற்கு ஏற்ப இலாபப் பங்கு, ஆளுக்கு ஒரு வாக்கு என்பவை அவர்களது விதிகள்.

தராசைப் பார்த்தபோது எங்களூர்ச் சங்கக்கடை நினைவுக்கு வந்தது. எழுபதுகளில் கூப்பன் புத்தகத்துடன் வரிசையில் நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். 1911இல் இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. யுத்தகாலப் பங்கீட்டின்போது சங்கக்கடைகள் ஊரூராகப் பெருகின. அவற்றுக்கெல்லாம் மூத்த கடை இதுதான்.

ஆனால் றொச்டேலின் கதை இத்துடன் முடியவில்லை. அதே முன்னோடிகள் 1854இல் கூட்டுறவு ஆலையொன்றை ஆரம்பித்தார்கள். முதலுக்கு மட்டுமன்றி, அங்கு உழைப்பவருக்கும் இலாபத்தில் பங்கு என்பதே அதன் சிறப்பு. ஆலையை விரிவாக்கப் பணம் தேவைப்பட்டது, புதிய பங்காளிகள் சேர்ந்தார்கள். அவர்களிற் பலர் அந்த ஆலையில் வேலை செய்யாதவர்கள். 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வரத்துக் குன்றியிருந்த வேளையில், உழைப்பவருக்கான பங்கு வாக்கெடுப்பின் மூலமே ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர்கள் வெளியாரல்லர், சங்கத்தின் பங்காளிகள்தான்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எட்டு வருடங்களுக்கு முன் எம்மவர் பத்தொன்பது பேர் சேர்ந்து பலசரக்குக் கடை ஒன்றைத் தொடங்கினோம். வங்கி கடன் தராத காலத்தில், இரவு வேலைச் சம்பளத்திலிருந்து சேர்த்த பணம் அது. கடை நன்றாக ஓடுகிறது. அங்கே வேலை அனுமதி இல்லாத இரண்டு பொடியள் சட்டப்படியான ஆகக் குறைந்த சம்பளத்தின் பாதிக்கு நிற்கிறார்கள். எனது இலாபப் பங்கு வருடாவருடம் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை.

றொச்டேலிலிருந்து திரும்பியபின் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் கேட்டேன். அவர்களுக்கு முழுச் சம்பளமும் பழைய பாக்கியும் கொடுக்க வேண்டும், அவர்களின் வழக்குக்கான சட்டத்தரணிச் செலவைக் கடை ஏற்க வேண்டும் என்றேன். 1862ஐயும் சொன்னேன்.

“சேர், அது சரித்திரம். இது யாவாரம்” என்றார் ஒருவர். அவரும் ஒருகாலத்தில் விசா இல்லாமல் பெற்றோல் நிலையமொன்றில் நின்றவர்தான். “நாங்கள் எடுக்காட்டி அவங்கள் எங்கை போவாங்கள்?” என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்வியை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மிர்ப்பூர்க்காரரை இரவில் நிறுத்திய ஆலை முதலாளியும் அதையே சொல்லியிருக்கக்கூடும்.

வாக்கெடுப்பில் எனக்கு ஐந்து, எதிராகப் பதினான்கு. பங்கை மீளப் பெற்று வெளியேறுமாறு நண்பர்கள் சொல்கிறார்கள். வெளியேறினால் என் கை சுத்தமாகலாம், அந்த ஐந்து நான்காகிவிடும். அடுத்த கூட்டம் தையில். இதே பிரச்சினை வேறு ஊர்க் கடைகளிலும் இருக்கிறதென்பதை நான் அறிவேன். அங்குள்ள பங்காளிகள் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டும், அந்தப் பொடியளும் எழுத வேண்டும்.