கவலையும் கம்பியும்

கொங்கு நாட்டில் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் சாதனத்துக்குக் 'கவலை' என்று பெயர். காரமடைத் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் அதை விட்டால் வேறு கதி கிடையாது. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இவ்வூர் வழியாக ரயில் வந்தது. அது நீராவியில் ஓடிற்று. மாட்டுக்குக் கோமாரி கண்டால் ரயில் நிற்காது. ரயில் தடம் புரண்டால் கிணறு நிற்காது. அவரவர் ஆபத்து அவரவரோடு!

1932-ல் நீலகிரியில் பைக்காரா ஆற்று நீரை 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களில் இறக்கிச் சிங்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். கம்பி கோயமுத்தூருக்கு வந்தது. மில்கள் பெருகின, பின்னாலேயே கிணற்று மோட்டார்களும் வந்தன. கவலை ஒழிந்தது. ஆனால் மில் தொழிலாளியின் கூலியும், தோட்டக்காரரின் வாழைத்தாரும், பல ஊர்களின் குழாய்த் தண்ணீரும் மலைமேல் பெய்யும் மழையோடு ஒரே முடிச்சில் விழுந்தன. ஒரு மலை ஏமாற்றினாலும் இன்னொன்று கை கொடுக்கட்டும் என்று மேட்டூரையும் பாபநாசத்தையும் பிற்பாடு அதே வலையில் சேர்த்தார்கள். புத்திசாலித்தனமான காரியந்தான். ஆயினும் வலை பெரிதானால் ஓர் இழை அறுந்த சேதி வெகு தூரம் ஓடும்.

எவ்வளவு தூரம் என்பதை 2012 ஜூலை 31 அன்று வடநாடு கண்டது. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்வலைகள் மூன்றும் சரிந்தன. சுமார் 60 கோடி ஜனங்கள் வாழும் பிரதேசம்! ரயில்கள் நடுவழியில் நின்றன. டில்லி மெட்ரோ நின்றது. வங்காளத்தில் சுரங்கத் தொழிலாளிகள் மேலே வர வழியின்றி நிலத்துக்கடியில் காத்திருந்தார்கள். தென்னாட்டு வலை அப்போது அவற்றோடு ஒரே துடிப்பில் இணையவில்லை, ஆகவே தப்பிற்று. தப்பினோம் என்று மார் தட்டவும் இடமில்லை. வெளியிலிருந்து மின்சாரம் வாங்கப் போதிய கம்பி இல்லாமல் அந்த நாட்களில் நம் கோவைப் பட்டறைகள் மணிக்கணக்கில் இருண்டு கிடந்தன. 2013 டிசம்பர் 31-ல் தெற்கும் இணைந்தது.

இத்தகைய முடிச்சுகளைக் கணக்கிடவும் ஒரு வழி உண்டு. ஒரு தொழில் மற்றொன்றிடம் எவ்வளவு வாங்குகிறது என்று லியோன்டியெஃப் என்ற பொருளாதார அறிஞர் அட்டவணை போட்டார். 2001-ல் ஹெய்ம்ஸ், ஜியாங் என்ற இருவர் அதைத் திருப்பி, ஒரு துறை படுத்தால் மற்றவை எவ்வளவு படுக்கும் என்று பார்த்தார்கள். நல்ல யோசனை. ஆனால் அட்டவணையின் எண்கள் பெரும்பாலும் பணக் கணக்கிலிருந்து வருகின்றன. பஞ்சாயத்துக் குடிநீர் மோட்டாரின் மின்கட்டணம் மில்லின் கட்டணத்துக்கு முன்னால் ஒரு தூசு. அந்தத் தூசு நின்றால் ஊருக்குத் தாகம். மேல்நிலைத் தொட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைக் கேட்காத கணக்கு எனக்குத் திருப்தி தரவில்லை.

இன்று காரமடை ரயிலும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. கவலைத் தோல்பறிகள் எப்போதோ மக்கிவிட்டன, மாடுகளையும் விற்றாயிற்று.