கழற்றிய ஒழுங்கு

பெடல் காலோடு கீழே போனது, திரும்பி வரவில்லை. சவுத் ஹரோவில் என் வீட்டு வாசல், ஒரு சனிக்கிழமை காலை. ரிவேர்ஸ் போடப் பார்த்தால் கியர்ப்பெட்டி பல்லை நறநறவென்று கடித்தது. வண்டி 1972ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெற். இரண்டு பேர் இருக்கலாம், துணிக் கூரை, நிலத்தோடு ஒட்டிய உயரம். "பாயில இருந்து எழும்புற மாதிரியெல்லோ எழும்ப வேண்டிக்கிடக்கு" என்று சொல்லி என் மனைவி அதில் ஏறுவதை விட்டுப் பல வருடமாகிறது.

எஞ்சின் மூடியைத் திறந்தேன். கிளச்சுக்கு எண்ணெய் ஊற்றும் டப்பா வற்றிக் கிடந்தது. கீழே, கியர்ப்பெட்டியோடு பொருத்தியிருக்கும் சின்னச் சிலிண்டரின் றப்பர் உறை நனைந்திருந்தது. வருத்தம் என்னவென்று தெரிந்துவிட்டது. கொட்டிலுக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். அட்டையில் காரின் தோலை உரித்து உள்ளுறுப்புகளைக் காட்டும் படம். கிளச் பற்றிய அத்தியாயத்தில் என் கைவிரல் எண்ணெய் அடையாளம் பழுப்பாக ஊறியிருக்கிறது.

இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர் எவரிடமும் இந்தப் புத்தகம் இருக்கும். ஆளின் பெயரே புத்தகத்தின் பெயர்: ஹெய்ன்ஸ். அந்த ஜோன் ஹெய்ன்ஸ் இலங்கையில் பிறந்தவர் என்பது எனக்கு நெடுங்காலம் தெரியாது. 1938இல் பிறந்தார். தகப்பன் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மனேஜர். பன்னிரண்டு வயதில் பையனை இங்கிலாந்துக்கு, கென்ற் மாவட்டத்தில் சட்டன் வலன்ஸ் என்ற விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் றக்பி விளையாட்டிலிருந்து தப்புவதற்கு அனுமதி வாங்கி, அந்த நேரத்தில் ஒரு பழைய 'ஒஸ்ரின் 7' காரை உரித்து, எடை குறைந்த விளையாட்டுக் காராக மாற்றினார். விற்க விளம்பரம் போட்டபோது வந்த கடிதங்களைப் பார்த்துத்தான், காரை விட அதைச் செய்த விதத்துக்குக் கிராக்கி அதிகம் என்று புரிந்துகொண்டார். 1956இல் சின்னக் கைநூல் ஒன்றைத் தானே அச்சிட்டார். 250 பிரதிகள் பத்து நாளில் தீர்ந்தன.

பிறகு விமானப்படையில் சேர்ந்து ஏடனுக்குப் போனார். 1965இல் அங்கே கூட வேலைசெய்த ஒருவர் பழுதான 'ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற்' ஒன்றை வாங்கிவிட்டு உதவி கேட்டார். கொம்பனியின் அதிகாரபூர்வ நூலைத் திறந்து பார்த்தால் அது பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கு எழுதியது. வீட்டில் இரண்டு ஸ்பானரோடு நிற்கிறவனுக்கு அதில் பிடி கிடைக்காது. ஹெய்ன்ஸ் ஒரு கமரா வாங்கினார். காரை ஒவ்வொரு படியாகக் கழற்றக் கழற்றப் படம் எடுத்தார். அந்தப் படங்களோடு 1966இல் வந்த ஸ்பிறைற் நூல்தான் இன்று உலகம் முழுவதும் தெரிந்த வரிசையின் முதல் புத்தகம். முதல் அச்சு 3,000 பிரதி, மூன்று மாதம் ஆகமுன்னரே முடிந்தது.

அந்த ஸ்பிறைற்றின் தங்கைதான் என் மிட்ஜெற். 1958 மே மாதம் மொன்டி கார்லோவில் அறிமுகமான ஸ்பிறைற், டொனால்ட் ஹீலி என்ற பந்தயக்காரரின் கற்பனை. வடிவமைத்தது அவர் கூட்டம். கட்டியது ஏபிங்டனில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலை. விலை வரியோடு ஏறத்தாழ 670 பவுண். அவ்வளவு மலிவாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அதற்கென்று புதிதாகச் செய்தது கொஞ்சம் என்பதுதான். எஞ்சின் 948 சி.சி., ஒஸ்ரின் ஏ35, மொரிஸ் மைனர் கார்களில் கிடந்த அதே ஏ-வரிசை. ஸ்ரியரிங் மொரிஸ் மைனருடையது. வெளியே கதவுக் கைபிடி இல்லை. டிக்கிக்கு மூடி இல்லை. இருக்கைக்குப் பின்னால் தலையை விட்டுத்தான் சாமானை எடுக்க வேண்டும். மடங்கி மறையும்படி நினைத்திருந்த விளக்குகள் செலவு கூடும் என்பதால் அப்படியே முழித்துக்கொண்டு நின்றன. அதனால் 'தவளைக்கண்' என்று பட்டப்பெயர். 1961 வரை ஏறத்தாழ 49,000 தவளைகள் போயின.

மலிவுக் கார் என்றால் மலிவாக வாங்குகிறவர்கள் வருவார்கள். இரண்டாம் கை, மூன்றாம் கை என்று போகப்போக அது பொடியன்களின் கைக்கு வந்தது. கராஜுக்குக் கொடுக்க அவர்களிடம் காசில்லை. 1960இல் பத்து வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு எம்.ஓ.ரி. என்ற கட்டாயப் பரிசோதனை வந்தது. 1967இல் அது மூன்று வருடக் கார்களுக்கும் என்றானது. சேர்ட்டிபிக்கற் இல்லாமல் றோட்டில் ஓட முடியாது என்றதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கைகளெல்லாம் வேலைத்தலங்களாகின. வரியும் இந்தப் பழக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றியது. முழுக் காருக்கு அப்போது விற்பனை வரி. பகுதிகளாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. லோட்டஸ் செவன் அப்படித்தான் பெட்டிகளில் வீடு வந்தது. பூட்டும் விபரம் எழுதிக் கொடுத்தால் வரிக்காரன் பிடிப்பான் என்று, கழற்றும் விபரத்தை எழுதிக் கொடுத்து, பின்னாலிருந்து வாசிக்கச் சொன்னார்கள் என்று இன்றும் கதை சொல்வார்கள். ஹெய்ன்ஸ் நூலும் அந்த இனம்தான். கழற்றுவதைப் படிப்படியாகச் சொல்லும். பூட்டும் பகுதி வந்ததும், வந்த வழியே திரும்பிப் போ என்ற கருத்தில் ஒரே வரியோடு முடித்துக்கொள்ளும். இங்கே அது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது.

இனி என் கிளச். மொரிஸ் மைனரில் பெடலுக்கும் கிளச்சுக்கும் நடுவே இருந்தது இரும்புத் தண்டு. கடைசிவரை அப்படியே இருந்தது. அதே குடும்பத்து எஞ்சினைக் கொண்ட ஸ்பிறைற்றில் தொடக்கத்திலிருந்தே எண்ணெய். பெடலை அமத்தினால் மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். மெல்லிய குழாய் வழியே அது கீழே போய் இன்னொரு பிஸ்டனைத் தள்ளும். அது ஒரு கம்பியால் கிளச் நெம்புகோலைத் தள்ளும். எஞ்சின் றப்பர்க் காலில் நின்று ஆடும்போது இரும்புத் தண்டும் சேர்ந்து உலையும். குழாய்க்கு அந்தக் கவலை இல்லை. ஸ்ரியரிங் வலப்பக்கம் என்றாலும் இடப்பக்கம் என்றாலும் குழாயை வளைத்து விட்டால் போதும். பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போன ஒரு காருக்கு இது சின்ன விசயமில்லை.

எண்ணெயால் தள்ளும் இந்தக் கலை முதலில் பிரேக்குக்குத்தான் வந்தது. மல்கம் லொக்ஹீட் என்ற அமெரிக்கர் 1917இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். விமானக் கொம்பனி தொடங்கிய சகோதரர்களில் ஒருவர். 1921இல் டூசன்பேர்க் கார் நான்கு சில்லுக்கும் அதைப் பூட்டியது. இங்கிலாந்தில் லெமிங்டன் ஸ்பா நகரத்துத் தொழிற்சாலை லொக்ஹீட் என்ற பெயரிலேயே சிலிண்டர்களை வார்த்தது. முதல் ஸ்பிறைற்றில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே வார்ப்பில் இரண்டு துளை, ஒரே எண்ணெய்த் தொட்டி. என்னுடைய காரில் அவை தனித்தனி.

எல்லாம் நிற்பது ஒரு றப்பரில். ஒரு ரூபாய்க் குற்றியளவு, சின்னக் கிண்ணம் போன்றது. அதன் விளிம்பு தேய்ந்தால் எண்ணெய் கசியும், காற்று நுழையும். எண்ணெயை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். கீழேயுள்ள கம்பி நகர வேண்டியது அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடக்குறைய. அந்த அரை அங்குலத்தைக் காற்றுக்குமிழி விழுங்கிவிட்டால் பெடல் தரையில், கிளச் தன் பாட்டில்.

காரை ஜாக்கில் உயர்த்தி, இரும்புக் காலில் இருத்திவிட்டுத்தான் கீழே போனேன். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகிறவன் வீட்டுக்காரிக்கு வஞ்சகம் செய்கிறவன். கீழ்ச் சிலிண்டரை இரண்டு போல்ட்டில் கழற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பிஸ்டனை வெளியே தள்ளினேன். பின்னால் றப்பரும் சுருள்வில்லும் வந்தன. எண்ணெய் கறுத்த கசாயம் போல இருந்தது. றப்பரின் உதட்டில் நகத்தால் கீறினாற்போல ஒரு வெடிப்பு. சிலிண்டரின் உள்சுவரில் விரலைவிட்டுத் தடவினேன், துருக்குழி இல்லை. இருந்திருந்தால் புதுச் சிலிண்டரே வாங்கியிருக்க வேண்டும்.

புது றப்பரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சின்னமாமாவின் குரல் கேட்கும். இந்தக் கார் ஏபிங்டனில் இறங்கிய அதே 1972இல் நான் யாழ்ப்பாணம் கே.கே.எஸ். வீதியில் அவருடைய கராஜில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் பொடியன். அந்த நாளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் வராது, சாமான் வராது. மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடியே ஆக வேண்டும். மைனருக்கு எண்ணெய்ப் பிரேக். அதன் றப்பர்களை மாமா பிரேக் எண்ணெயில்தான் கழுவுவார். ஒருநாள் நான் கெட்டித்தனமாகப் பெற்றோலில் போட்டுவிட்டேன். மறுநாள் அது ஊதி, சிலிண்டருக்குள்ளேயே போகவில்லை.

"பெற்றோல் பட்டா றப்பர் பொங்குமடா, மடையா. இன்னொண்டு கேள். வாய் எண்ணெயைப் பாக்க வேணும். முதுகைக் காட்டினா ஒழுகும்."

லண்டனில் இந்தக் காரை வாங்கிய புதிதில் முதல் தடவை நான் றப்பரைத் தலைகீழாகத்தான் போட்டேன். புத்தகத்தில் படம் இருந்தது, இருட்டில் பார்க்கவில்லை. எல்லாம் பூட்டி முடித்தபிறகு எண்ணெய் முதுகுப் பக்கத்தால் ஒழுகியது. மாமாவின் வசனம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்தமுறை வாய் எண்ணெயைப் பார்த்தது.

பிறகு காற்று எடுக்கும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். மகளை ஓட்டுநர் இருக்கையில் இருத்தினேன். கீழே நான், கையில் ஸ்பானர், ஜாம் போத்தலுக்குள் ஒரு கண்ணாடி ரியூப்.

"அமத்தவா அப்பா?"

"அமத்து. அமத்திப் பிடி."

"அடிக்குப் போயிட்டுது."

"விடாதை... நான் இறுக்கினாப்பிறகு... ம், இப்ப விடு."

ரியூபில் குமிழிகள் மீன்குஞ்சு போல ஓடின. இருபது தடவைக்கு மேல். இடைக்கிடை மேலே எண்ணெய் நிரப்ப வேண்டும். தொட்டி வற்றினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். ஒரு சொட்டு காரின் உடம்பில் பட்டாலும் பெயின்ற் தோல் உரியும், உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். குமிழி நின்றது. "அப்பா, இப்ப இறுகுது" என்றாள். அன்று பின்னேரம் ரிவேர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

ஹெய்ன்ஸ் 1985இல் ஸ்பார்க்போர்ட்டில் ஒரு கார் அருங்காட்சியகம் திறந்தார். 2019இல் தன் எண்பதாவது வயதில் காலமானார். அவர் நிறுவனம் விற்ற நூல்கள் 20 கோடிக்கு மேல். 2020இல், புதிதாக வரும் கார்களுக்கு இனி அச்சு நூல் போடுவதில்லை என்று அறிவித்தது. அதிலே வியப்பில்லை. இப்போதைய காரின் மூடியைத் திறந்தால் பிளாஸ்ரிக் பலகை ஒன்றுதான் தெரிகிறது. ஆனால் 1958இல் ஏபிங்டனில் கட்டிய காரை இன்றும் ஒருவன் தன் வாசலிலேயே திருத்தலாம். அதைத் திருத்தும் விதம் கழற்றிய ஒழுங்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மாமாவின் கராஜுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது, நாலு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய யாழ்ப்பாணத்துக் கார்களில் அவர் கைபட்டவை எத்தனையோ. எதை எவ்வளவு திருகினார், எந்த றப்பருக்கு எதை வெட்டிப் போட்டார் என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுக்க எழும்பிப் போனபோது கராஜும் பூட்டப்பட்டது. அவர் திரும்பிப் போனபோது கூரையும் இல்லை, சாமானும் இல்லை. இப்போது அவரும் இல்லை. எனக்கு மிஞ்சியது இரண்டு வசனம்.

அவர் வயதுக்காரர் சிலர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். லீவில் போகிறவர்கள் ஒரு பின்னேரம் அவர்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருங்கள். பழைய சாமான் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். ஹெய்ன்ஸ் கமரா வாங்க வேண்டியிருந்தது. உங்களிடம் போன் இருக்கிறது. ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு படம், அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே ஒரு வரி. கழற்றுகிற ஒழுங்கிலேயே எழுதுங்கள்.