மால்கம் ஆதிசேஷய்யா

மால்கம் சத்தியநாதன் ஆதிசேஷய்யா (18 ஏப்ரல் 1910 – 21 நவம்பர் 1994) வேலூரில் பிறந்து, உலக நாடுகளின் வளர்ச்சிப் பணியில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைத்த பொருளியல் அறிஞர். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக 1963 முதல் 1970 வரை பணியாற்றினார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971இல் நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் (1975–78), மாநிலங்களவை நியமன உறுப்பினர் (1978–84) ஆகிய பொறுப்புகளையும் வகித்தார். 1976இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

வளர்ச்சிப் பொருளியலில் அவர் பெயரால் வழங்கும் கோட்பாடு ஒன்றும் இல்லை. ஆர்தர் லூயிஸ், தியோடர் ஷூல்ட்ஸ் போன்ற பொருளியலாளர்கள் எழுதியதை நாடுகளின் திட்டங்களாகவும் கட்டடங்களாகவும் ஆசிரியர் பணியிடங்களாகவும் மாற்றியதே அவர் பணி. அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. தமிழ் வாசகர்களிடையே ஆதிசேஷய்யாவைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

கல்வியும் ஆசிரியப் பணியும்

தந்தை வேலூர் ஊரீசு கல்லூரியின் முதல்வராக இருந்தவர். எஸ். ராதாகிருஷ்ணன் இளமையில் படித்த கல்லூரி அது. மால்கமும் அங்கேயே தொடங்கி, சென்னை லயோலா கல்லூரியில் தொடர்ந்து, பின்னர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் லண்டன் பொருளியல் பள்ளியிலும் பயின்றார். இடையில் கல்கத்தா செயின்ட் பால் கல்லூரியில் பொருளியல் கற்பித்தார்.

1930களின் லண்டன் பொருளியல் பள்ளி குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் பலர் கூடிய இடம். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவிலிருந்து வந்த ஆர்தர் லூயிஸ் அங்கேதான் படித்து அங்கேயே ஆசிரியரானார். ஏழை நாடுகளின் வறுமையை அந்த நாடுகளின் பிள்ளைகளே ஆராயத் தொடங்கிய காலம் அது. நாடு திரும்பிய ஆதிசேஷய்யா தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பொருளியல் பேராசிரியரானார். போர் முடிந்ததும், 1946இல், பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவும் பன்னாட்டு அமைப்பொன்றில் பணியாற்ற ஜெனீவா சென்றார். அங்கிருந்து 1948இல் பாரிஸுக்கு வந்து யுனெஸ்கோவில் சேர்ந்தார்.

யுனெஸ்கோ ஆண்டுகள்

அவர் சேர்ந்தபோது யுனெஸ்கோவுக்கு இரண்டு வயது. பெரும்பாலும் அறிஞர் மாநாடுகளும் நூல் பரிமாற்றமும்தான் அதன் வேலை. ஐக்கிய நாடுகள் சபை 1949இல் விரிவுபடுத்திய தொழில்நுட்ப உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததும் நிலைமை மாறியது. யுனெஸ்கோவில் அந்தத் துறையின் பொறுப்பு ஆதிசேஷய்யாவிடம் வந்தது.

அந்தத் திட்டம் நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அவர் என்ன செய்தார் என்பது புரியும். ஒரு நாட்டின் அரசு தனக்கு என்ன தேவை என்று எழுதிக் கேட்க வேண்டும். யுனெஸ்கோ மூன்று வகையில் உதவும்: வெளிநாட்டு நிபுணரைச் சில ஆண்டுகளுக்கு அனுப்பும், உள்நாட்டு இளைஞர்களுக்கு வெளிநாட்டில் பயில உதவித்தொகை தரும், ஆய்வுக்கூடக் கருவிகளை வாங்கித் தரும். நிபுணர் தம் ஊருக்குத் திரும்பும் நாளில் அவருடைய நாற்காலியில் உட்கார உள்நாட்டு ஆள் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். இருந்தால் திட்டம் வென்றது. இல்லாவிட்டால் அத்தனை பணமும் வீண். கேட்பது எளிது. ஆனால் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் அந்த உள்நாட்டு ஆளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

அந்த உதவித் திட்டம் நடந்த விதத்துக்குப் பம்பாய் ஐஐடி நல்ல எடுத்துக்காட்டு. சோவியத் ஒன்றியம் 1954இல் யுனெஸ்கோவில் சேர்ந்தது. தொழில்நுட்ப உதவிக்கு அது அளித்த நன்கொடை ரூபிளில் இருந்தது. அந்தக் காலத்தில் ரூபிளை டாலராகவோ பவுண்டாகவோ மாற்ற முடியாது. சோவியத் கருவிகளும் சோவியத் பேராசிரியர்களும் தேவைப்படும் பெரிய திட்டம் ஒன்றுக்குத்தான் அந்தப் பணம் பயன்படும். பொறியியல் கல்வி நிறுவனங்களைக் கட்ட இந்தியா விரும்பிய நேரமும் அதுவே. இரண்டு தேவைகளையும் யுனெஸ்கோ இணைத்து வைத்தது. 1958இல் வொர்லியில், செயற்கைப் பட்டுத் துணி ஆராய்ச்சிச் சங்கக் கட்டடத்தில், 100 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. அடுத்த ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பவாயில் நேரு அடிக்கல் நாட்டினார். முடங்கிக் கிடக்கக்கூடிய பணம் ஒரு கல்வி நிறுவனமானது. பன்னாட்டு வளர்ச்சிப் பணியின் திறமை பெரும்பாலும் இப்படிப்பட்ட இணைப்பு வேலையில்தான் இருக்கிறது.

1955இல் அவர் உதவித் தலைமை இயக்குநரானார். 1963இல் தலைமை இயக்குநர் ரெனே மஹூவுக்கு அடுத்த இடத்தில், துணைத் தலைமை இயக்குநரானார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்று, எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பள்ளிக்கூடம் கேட்டு வந்தன.

கல்வி செலவா, முதலீடா

அன்றைய வளர்ச்சித் திட்டங்களில் அணை முதலீடு, எஃகு ஆலை முதலீடு; பள்ளிக்கூடமோ சமூகநலச் செலவு. பணம் இருந்தால் செய்யலாம், நெருக்கடி வந்தால் முதலில் வெட்டலாம். ஆதிசேஷய்யா தம் பணிக்காலம் முழுவதும் விடாமல் எதிர்த்தது இந்தக் கணக்கைத்தான். படித்த உழவர் உரத்தையும் விதையையும் வேறு விதமாகப் பயன்படுத்துகிறார். படித்த தாயின் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. எனவே கல்விக்குச் செல்லும் பணத்தையும் மூலதனமாகவே எழுத வேண்டும் என்பது அவர் வாதம். ஷூல்ட்ஸ் 1960 டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் சங்கத் தலைமையுரையில் மனித மூலதனத்தைப் பற்றிப் பேசியபின் இந்த வாதத்துக்குக் கல்வியுலகின் பலமும் கிடைத்தது. உலக வங்கிக் குழுமம் 1962இல் துனீசியாவுக்குத் தன் முதல் கல்விக் கடனை வழங்கியது. 1964இல் யுனெஸ்கோவும் உலக வங்கியும் கல்வித் திட்டங்களில் சேர்ந்து பணியாற்ற உடன்பட்டன. பாரிஸில் 1963இல் அமைந்த பன்னாட்டுக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தின் ஆட்சிக்குழுத் தலைவராக 1980களில் அவரே அமர்ந்தார்.

எல்லாம் கைகூடியது என்று சொல்ல முடியாது. ஆசிய நாடுகள் 1959 டிசம்பர் இறுதியில் கராச்சியில் கூடி, 1980க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் குறைந்தது ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி என்று குறித்தன. 1961இல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க நாடுகள் தொடக்கக் கல்விக்கு அதே 1980ஐக் கெடுவாக வைத்தன. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் எழுத்தறிவு பெற்றவர்கள் 43.57 விழுக்காடு மட்டுமே. 1965 செப்டம்பர் 8 அன்று தெஹ்ரானில் தொடங்கிய கல்வி அமைச்சர்கள் மாநாட்டின் நினைவாகவே அந்த நாள் உலக எழுத்தறிவு நாளானது. அந்த மாநாட்டின் விளைவாக 11 நாடுகளில் நடந்த சோதனை எழுத்தறிவுத் திட்டம், தொழில் பயிற்சியோடு சேர்த்து எழுத்தைக் கற்பிக்க முயன்றது. 1976இல் வெளிவந்த மதிப்பீடு அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதை மறைக்கவில்லை. இலக்கு ஆண்டை அறிவிப்பது மாநாட்டுக்கு எளிது. ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பது அந்தந்த நாட்டின் கருவூலம். ஆனாலும் கெடு வைத்ததே தவறு என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. அந்தக் கெடு இல்லாதிருந்தால் பல நாடுகளில் ஆரம்பப் பள்ளிக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடே இருந்திருக்காது.

தமிழுக்குச் செய்தது

யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பு 1967இல் தொடங்கியதில் ஆதிசேஷய்யாவின் முயற்சி முதன்மையானது. தமிழ்ப் பதிப்பின் தொடக்க கால ஆசிரியர் நெ. து. சுந்தரவடிவேலு, காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்ற கல்வி இயக்குநர். பின்னாளில் மணவை முஸ்தபா அந்தப் பொறுப்பை நீண்ட காலம் சுமந்தார். கடலடி ஆய்வு, அணுக்கரு, மரபணு என்று மாதந்தோறும் வரும் கட்டுரைகளை மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களுக்குப் பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொல் தேவைப்பட்டது. முஸ்தபாவின் கலைச்சொல் அகராதிகளுக்குப் பின்னால் இந்த மாத இதழின் நெருக்கடி இருக்கிறது. ஊர்ப்புற நூலகங்களில் அந்த வழவழப்பான தாளைத் தொட்டுப் பார்த்த தலைமுறைக்கு, உலகம் தமிழில் பேசும் என்பதற்கு அதுவே சான்று. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1970இல் சென்னையில் அமைந்ததற்கும் யுனெஸ்கோவின் ஆதரவு துணைநின்றது.

அடையாறு

1970இல் அவருக்கு வயது அறுபது. பன்னாட்டுப் பதவிகளிலிருந்து ஓய்வு பெறுவோர் ஜெனீவாவிலோ பாரிஸிலோ தங்கி ஆலோசகராகத் தொடர்வது வழக்கம். ஆதிசேஷய்யா சென்னைக்கு வந்தார். மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து, தம் வீட்டையும் சேமிப்பையும் கொடுத்து, 1971 ஜனவரியில் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் செய்தவற்றில் மிகப் பெரியது இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பிறர் பணத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்கும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவர், கடைசியில் தம் கூரையையே முதலீடாகப் போட்டார்.

நிறுவனத்தின் செய்தி மடல் மாதந்தோறும் தமிழ்நாட்டின் பொருளாதார நிலையை மதிப்பிட்டு எழுதியது. இந்தியா முழுவதற்குமான கணக்குகளில் ஒரு பத்தியாக அடங்கிப்போன மாநிலம், தனியே ஆராயத்தக்க பொருளாதாரமாகத் தெரியத் தொடங்கியது அப்போதுதான். 1977இல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் தமிழக அரசும் நிதி தரும் தேசிய நிறுவனமாக அது மாறியது. அடுத்த ஆண்டு கிறித்துவக் கல்லூரியிலிருந்து சி. டி. குரியன் இயக்குநராக வந்தார். 1950 முதல் 1975 வரையிலான தமிழகக் கிராமப்புற மாற்றங்களைப் பற்றிய அவருடைய நூல் 1981இல் வெளிவந்தது.

அந்த நிறுவனத்தின் போக்கைக் காட்ட ஒரு கிராமம் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைச் சில கிராமங்களுக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எத்தனை மாடு என்று குறித்து வரச் செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் அவற்றில் ஒன்று. 1937இல் அதே கிராமங்களுக்கு மீண்டும் ஆய்வாளர்கள் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் மூன்றாவது தலைமுறையாக அங்கு சென்றது. தமிழக அரசின் நிதித்துறைச் செயலராக இருந்து ஆய்வாளரான எஸ். குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைப் பற்றி 1983இல் எழுதினார்கள். ஒரே ஊரின் நிலத்தையும் கூலியையும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு உலகில் மிகச் சில இடங்களுக்கே வாய்த்திருக்கிறது.

துணைவேந்தர், உறுப்பினர்

நெ. து. சுந்தரவடிவேலுவுக்குப் பின் 1975இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். கூரியர் இதழில் இணைந்தவர்கள் பல்கலைக்கழகத்திலும் முன்பின்னாக அமர்ந்தது இனிய பொருத்தம். கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று வற்புறுத்தினார். 1978இல் லயோலாவும் கிறித்துவக் கல்லூரியும் தன்னாட்சி பெற்றன. பாடம் நடத்தும் ஆசிரியரே பாடத்திட்டத்தை வகுக்கவும் தேர்வு வைக்கவும் வழி பிறந்தது.

அதே 1978இல் மேல்நிலைக் கல்வி பற்றிய தேசிய மறுஆய்வுக் குழுவின் தலைவராக அறிக்கை அளித்தார். பிளஸ் டூ மாணவர்களில் பலர் கைத்தொழில் கற்று வேலைக்குப் போகும்படி தொழிற்கல்விப் பிரிவை வலுப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். தமிழகம் மேல்நிலைப் பள்ளிகளைத் தொடங்கியபோதே தொழிற்பிரிவுகளையும் திறந்தது. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு ஒதுக்கும் இடம் என்று அந்தப் பிரிவைச் சமூகம் பார்க்கத் தொடங்கியதை எந்த அறிக்கையாலும் தடுக்க முடியவில்லை. குழுவின் நோக்கம் சரியானது. உழைப்பைத் தாழ்வாக எண்ணும் நம் மனம்தான் அதைக் கெடுத்தது.

மாநிலங்களவையில் இருந்த ஆறு ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் தில்லி இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் ஆண்டுதோறும் நாட்டுப் பொருளாதாரத்தின் நடுவாண்டு மதிப்பாய்வை வழங்கினார்; அவை நூல்களாகவும் வந்தன. தமிழ்நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றி அவர் நிறுவனம் தொகுத்த பெருநூல் 1988இல் வெளியானது.

நினைவு

இந்திய அரசின் நிதியுதவியுடன் யுனெஸ்கோ 1998இல் அவர் பெயரில் பன்னாட்டு எழுத்தறிவுப் பரிசை நிறுவியது. மால்கம் – எலிசபெத் ஆதிசேஷய்யா அறக்கட்டளை வளர்ச்சி ஆய்வில் சிறந்தவர்களுக்கு விருது வழங்கிவருகிறது. அவர் விட்டுச் சென்ற ஆராய்ச்சி நிறுவனம் அடையாறு, காந்தி நகர், இரண்டாம் பிரதான சாலை, 79 என்ற முகவரியில் இயங்கிவருகிறது.