உப்பளத்துக்கு ஏற்ற செருப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாடப்புத்தகத்துப் பிள்ளைகள் பனியில் 'சபோ' என்னும் மரச்செருப்போடு நடப்பார்கள். பனி எப்படியிருக்கும் என்பதை மரக்காணத்து உப்புக் குவியலைப் பார்த்துத்தான் ஊகித்துக்கொண்டேன்.

பழைய உப்பூர் இது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பர். 1818 உடன்படிக்கையில் பிரெஞ்சுக்காரர் ஆண்டுதோறும் பணம் பெற்றுக்கொண்டு தங்கள் பகுதியில் உப்பெடுப்பதை ஆங்கிலேயருக்காக நிறுத்தினர். அளக்காரர் காலுக்கு என்ன போட்டார் என்று எந்த உடன்படிக்கையும் பேசவில்லை.

போடவும் முடியாது. தை மாதம் பாத்தி மிதித்து இறுக்க வெறுங்கால்தான் வேண்டும். குதிகால் வைத்த செருப்பு களிமண்ணைக் குழியாக்கிவிடும். தோல் விறைக்கும், ஆணி துருப்பிடிக்கும். ரப்பர் தாங்கும், ஆனால் வெயிலில் உள்ளே கால் வேகும். வெடித்த பாதத்தில் உப்புநீர் பட்டால் எப்படியிருக்கும் என்று பட்டவருக்குத்தான் தெரியும்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கம்பூட்ஸ் வந்தது. எல்லாம் ஆண்களின் பெரிய அளவு. கூடை சுமந்தவர்களோ பெண்கள். ஒரு அம்மா போட்டுப் பார்த்து, "ஐயா, இதுல ரெண்டு காலும் ஒண்ணா போவுது" என்று சிரித்துவிட்டு வெறுங்காலோடு வரப்பேறினார்.

பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று எழுதியது என் கைதான்.